பூச்சி இல்லாத ஆறு

போன்பே தீவில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. முழங்காலளவு ஆற்றில் நின்று, காலால் கற்களைக் கிளறி, பெலீனா மூன்றாம் முறையாக வலையைத் தூக்குகிறாள். மறுபடியும் சேறுதான். ஆற்றடியில் வளரும் ஊசித்தட்டானின் இளம்பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆற்றோட்டத்தில் பத்தடி மேலே தாய்மாமன் யோவாக்கிம் தன் பன்றியைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். அவருக்குப் பின்னால், வேரை இடித்துப் போதைபானம் செய்யும் சக்காவ் செடியை நடுவதற்காக அவர் காட்டை வெட்டிய சரிவிலிருந்து செம்மண் வழிந்துகொண்டே இருக்கிறது.

“எத்தனை தடவை மாமா சொல்றது? அதைக் கரைக்கு ஓட்டுங்க!”

“ஏண்டி கத்துற? தண்ணியில பூச்சியே இல்லேங்குற. அப்ப சுத்தம்தானே?”

“ஐயோ! பூச்சி இருந்தாத்தான் மாமா அது நல்ல தண்ணி. இந்தாங்க, ஒரு வாய் குடிங்க பார்ப்போம்.”

ஆற்று நீரை மொண்டு அவள் நீட்டிய புட்டியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். மெல்ல ஆற்றிலேயே கவிழ்க்கிறார்.

“எனக்கெதுக்கு? வீட்டுல மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன்.”

“ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற உங்க மக இதைத்தான் புள்ளைக்குக் குடுக்கிறா.”

அவர் பன்றியின் காதைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுக்கிறார். அது அசைய மறுக்கிறது. பெலீனா வலையைப் பாறைமேல் எறிந்துவிட்டு, பல்லைக் கடித்தபடி, பின்னாலிருந்து தள்ளுகிறாள்.