நல்ல நாளுக்குக் காத்திருந்த சுருட்டு

தேவசகாயத்தின் மேசைமேல் ஒரு தேக்குப் பெட்டி. அதற்குள் ஒரு வெளிநாட்டுச் சுருட்டும், சுருட்டின் நுனியை நறுக்கும் வெட்டியும், ஒரு லைட்டரும் குடியிருந்தன. தேவசகாயம் தினமும் காலையில் பெட்டியைத் திறப்பார். வெட்டியைத் துடைப்பார், லைட்டரைப் பளபளப்பாக்குவார், சுருட்டை முகர்ந்து பார்ப்பார். "ஒரு நல்ல நாள் வரட்டும்" என்று மூடிவிட்டு, மொட்டைமாடிக்குப் போய் பீடி பிடிப்பார்.

"பேருக்கேத்த மாதிரி வெட்டியாவே கிடக்கேன்" என்று புலம்பியது வெட்டி.

"பொறு. நம்ம தகுதிக்கு ஒரு நாள் வர வேண்டாமா?" என்றது சுருட்டு.

ஒருநாள் தேவசகாயத்தின் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "அட, குட்டிப் பாக்குவெட்டி!" என்று வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அது வாயெல்லாம் பாக்குத்தூளோடு திரும்பி வந்தது.

"இனிமே நான் வெட்டி இல்லை, பாக்குவெட்டி!" என்று சிரித்தது.

"மானம் போச்சு" என்றது சுருட்டு.

மறுநாள் லைட்டர் போய்க் கொசுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தது. அதற்கும் ஒரே சிரிப்பு.

"சீ, உங்களோட ஒரே பெட்டியில இருக்கேனே! என்னைத் தொடுறதுக்கு ஒரு தராதரம் வேணும்" என்று சுருட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றைக்குப் பார்த்து மாமியாரின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலை தீர்ந்துபோயிற்று.

தேவசகாயம் வீடு திரும்பியபோது சுருட்டு பாதிதான் மிச்சமிருந்தது. மாமியார் வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கியபடி சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க புகையிலை வாசனையா இருக்கு. காட்டம்தான் பத்தல."