எழச் சொல்லும்வரை

கோணியை விரித்து, அதன்மேல் சாம்பலைச் சிலுவையாகத் தூவி, சாகும் தறுவாயில் இருந்த மடத்தலைவர் தியோட்வினைத் தூக்கிக் கிடத்தினார்கள்.

தலைமாட்டில் பிடித்தவன் ஹுனால்ட். ரெய்னருக்குக் கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது.

சாகும்போதும் இவன்தானா என்று ரெய்னருக்கு வயிறு எரிந்தது.

இந்த மடம் குடிகாரர் சத்திரமாகக் கிடந்த காலத்தில், வேட்டை நாய்களையும் மதுப் பீப்பாய்களையும் வெளியே தள்ளிச் சீர்திருத்த வந்தவர் தியோட்வின். அன்றைக்கு அவர் பின்னால் மூட்டை சுமந்து நடந்தவர் ரெய்னர் ஒருவர்தான். இப்போது பர்கண்டி நாடு முழுக்கத் துறவிகள் அவர் வகுத்த ஒழுங்கில்தான் எழுந்திருக்கிறார்கள், உண்கிறார்கள், வாய் மூடி இருக்கிறார்கள். ஹுனால்ட் வந்ததோ போன அறுவடைக்குப் பிறகு.

அவர் வகுத்ததில் கடுமையானது காலைக் கூட்டம்தான். ஒருவர் குறையை இன்னொருவர் எழுந்து சொல்ல வேண்டும். குறை சொல்லப்பட்டவர் குப்புற விழுந்து "என் பிழை" என்பார். சொன்னவரே எழச் சொல்லும்வரை எழக்கூடாது. தன்னைச் சொன்னவரைப் பற்றி அன்று முழுக்கத் திருப்பிக் குறை சொல்லவும் கூடாது.

தலைவரையும் சொல்லலாம் என்றுதான் விதி. யாருக்குத் துணிச்சல் வரும்?

அன்பிருந்தால்தான் குறை சொல்லத் தோன்றும் என்பார் தியோட்வின். அந்த அன்பையெல்லாம் ஹுனால்டுக்கே கொட்டினார். கதவை ஓங்கிச் சாத்தினான், ஜெபப் பாட்டில் முந்திக்கொண்டு பாடினான், செருப்பு வாரைக் கட்டவில்லை என்று தினமும் ஏதாவது ஒன்று.

ரெய்னரை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

ரெய்னரும் சும்மா இருந்துவிடவில்லை. பந்தியில் தியோட்வின் மடியிலேயே கஞ்சியைக் கொட்டிப் பார்த்தார். ஜெபத்துக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்தார். நோன்பு நாளில் அவர் கண்ணெதிரே பாலாடைக்கட்டி தின்றார். தியோட்வின் பார்ப்பார். பேசாமல் போய்விடுவார். மறுநாள் காலையில் ஹுனால்ட்தான் தரையில் கிடப்பான், முகத்தில் பெருமை வழிய. அதைப் பார்த்தால் ரெய்னருக்குச் சோறு இறங்காது.

சாகப்போகிறவர் தன் குறையைச் சொல்லும்படி எல்லோரையும் கேட்பது வழக்கம். தியோட்வின் கேட்டார். சிலர் அழுதார்கள். ஒருவரும் எழவில்லை.

ரெய்னர் எழுந்தார்.

"இத்தனை வருஷம் உங்க பின்னாலயே வந்தேன் சாமி. ஒரு நாளாச்சும் என்னை ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் உங்க கண்ணுக்கு மனுஷனாவே படலையா?"

தியோட்வின் கண்ணைத் திறந்து அவரைத் தேடிப் பிடித்தார்.

"நான் உன்னைச் சொல்லிட்டா, அன்னைக்கு நீ என்னைச் சொல்ல முடியாதே ரெய்னரு. இன்னைக்காவது வாயத் திறப்பானான்னு தினமும் காலையில உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு, கைகொடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, மெல்லப் புரண்டு குப்புறக் கவிழ்ந்தார். முகம் சாம்பலில் புதைந்தது.

"என் பிழை" என்றார்.

ஹுனால்டுக்கு ஒருநாளும் கிடைக்காதது அது.

அத்தனை பேரும் ரெய்னரையே பார்த்தார்கள். எழச் சொல்லுங்கள் என்று ஹுனால்ட் பதறிப்போய்க் கையால் சைகை காட்டினான். கீழே மூச்சு சாம்பலை ஊதிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு சொல்தான். சொன்னால் அடுத்த கணமே ஹுனால்ட் அவரைத் திருப்பித் தன் மடியில் சாய்த்துக்கொள்வான். அவர் மறுபடியும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவார்.

இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று ரெய்னர் வாயைத் திறக்காமல் நின்றார்.