தங்கமீனும் வாழைத்தண்டும்

"இது அவட வேலைதான். வேற ஆர் செய்வா?"

புதுத் தொட்டிக்குள் மிதந்த வாழைத்தண்டுத் துண்டுகளைக் காட்டி அஜந்தா கத்தாத குறை. மதிலுக்கு அந்தப் பக்கம் கலாஜினியின் வளவு. இந்த ஒழுங்கையில் வாழை நிற்பதும் அங்கே மட்டும்தான். வேறு சாட்சி எதற்கு?

எத்தனை ஆசையாகக் கட்டிய தொட்டி அது.

அஜந்தா செட்டிபாளையத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் படத்தில் தங்கமீன் காட்டிக் காட்டி அலுத்துப்போய், வீட்டின் பின்வளவில் ஒரு குட்டிக் குளமே கட்டிவிடுவது என்று தீர்மானித்தாள். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். சாம்பலால் நிலத்தில் வட்டம் போட்டாள், அழித்தாள், திரும்பவும் போட்டாள். அது ஒரு வழியாக அவரைக்கொட்டை வடிவத்துக்கு வந்தபோது தனக்குத்தானே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

கணவன் தனோஜன் வாவியில் தோணி விடுகிறவன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வீட்டுக்குப் பின்னால இவ்வளவு பெரிய வாவி கிடக்கு. உனக்கு இன்னொரு குளமா?"

"வாவி மீன் குழம்புக்கு. இது பார்க்கிறதுக்கு."

சிரிப்பு ஓய்ந்ததும் அவனே கிடங்கு வெட்டிக் கல் அடுக்கினான். வீடியோக்காரர்கள் பிளாஸ்டிக் விரிப்பைத்தான் விரித்தார்கள். தனோஜனுக்கோ சீமெந்தில்தான் நம்பிக்கை, பூசி மெழுகிவிட்டான். மீன் வந்ததும் கொக்கு கொத்தாமல் மூடப் பழைய வலைத்துண்டு ஒன்றும் வந்து சேர்ந்தது.

தண்ணீர் நிறைந்த அன்றே அஜந்தா பாடசாலையில் அறிவித்துவிட்டாள். மாதக் கடைசி ஞாயிறு எல்லாரும் மீன் பார்க்க வரலாம். பிள்ளைகள் அப்போதே மீன்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிறு வந்து மீன் இல்லையென்றால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது?

இந்த நேரத்தில்தான் வாழைத்தண்டு.

கலாஜினி ஒன்றும் அந்நியமில்லை, தனோஜனின் பெரியப்பா மகள், அஜந்தாவுக்கு மச்சாள் முறை. மதில் கட்டும்போது அத்திவாரத்தை அப்படிப் போடு, இப்படிப் போடு என்று அவள் வந்து நிற்க, வார்த்தை தடித்துவிட்டது. "இனி எனக்குப் புத்தி சொல்ல வராதீங்க" என்று அஜந்தா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூடிய வாயைக் கலாஜினி பிறகு திறக்கவேயில்லை. கோயிலில் எதிர்ப்பட்டாலும் அவள் பார்வை சாமியை விட்டு விலகாது.

ஓர் இலை கேட்டாலே வாழை பாழாகிவிடும் என்று முகத்தைச் சுளிக்கிற மனுசி, அடுத்தவள் தொட்டியை நாசமாக்க மட்டும் மரத்தையே வெட்டுகிறாளே என்று அஜந்தாவுக்குப் பற்றி எரிந்தது. துண்டுகளை அள்ளி மதிலுக்கு மேலால் திருப்பி எறிந்தாள்.

மறுநாள் காலை இன்னும் கூடுதலாகக் கிடந்தது. அதுவும் பொடிப்பொடியாக வெட்டி.

அடுத்த நாள் ஆளே அகப்பட்டாள். மதிலுக்கு மேலே கலாஜினியின் தலை, கையில் தண்டு.

"சின்னப் பிள்ளைகள் பார்க்க வாற தொட்டி இது. உங்களுக்கு மனச்சாட்சியே இல்லையா?" மச்சாள் என்ற சொல்லை அஜந்தா வேண்டுமென்றே விழுங்கிவிட்டாள்.

கலாஜினி அவளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். கடைசித் துண்டையும் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். என்ன திமிர் பாருங்கள்.

அஜந்தா கிராம சேவகருக்குப் போன் எடுத்து முறையிட்டாள். அவருக்கு வேலை தலைக்கு மேல், அடுத்த சனிக்கிழமைதான் வரமுடியுமாம். சரி, வரட்டும். அதுவரை ஒரு துண்டிலும் கைவைக்கக்கூடாது, எல்லாம் ஆதாரம் என்று தனோஜனுக்குக் கட்டளை போட்டாள். தண்டு அழுகித் தண்ணீர் பழுப்பாகி நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஆதாரத்தைக் காவல் காத்தாள்.

சனிக்கிழமை முதலில் வந்தவர் மீன்கடை அசனார்தான். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில், காற்று நிரப்பிய பைகளில் தங்கமீன்கள். வெயிலில் அவை மின்னியதைக் கண்டு அஜந்தாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அடுத்த நிமிடமே தொட்டியின் கோலம் ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. இது பக்கத்து வீட்டுக்காரி செய்த அநியாயம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அசனார் முந்திக்கொண்டார்.

"வடிவாச் செஞ்சிரிக்கீங்க தங்கச்சி. புதுச் சீமெந்துத் தொட்டி எண்டு பார்த்ததும் எனக்குப் பயமாப் போச்சு. வாழைத்தண்டு ஊறிச் சீமெந்துக் காரத்த எடுக்காம மீன விட்டிருந்தா, அதில பின்னேரத்துக்கிடையில எல்லாம் செத்து மிதந்திருக்கும். ஆர் சொல்லித் தந்த?"

அஜந்தாவின் கண் மதில் பக்கம் போனது.

பழைய தண்ணீரை இறைத்து, கழுவி, புதுத் தண்ணீர் விட்டார்கள். பைகளைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு அசனார் அவற்றின் வாயை அவிழ்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள் அவரைக்கொட்டைக் குளத்தைச் சுற்றிப் பாய்ந்தன. தனோஜனே குந்திக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தான். நாளைக்குப் பிள்ளைகள் போடப்போகிற கூச்சல் அஜந்தாவின் காதில் இப்போதே கேட்டது.

ஆனால் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. முதல் வேலையாகக் கிராம சேவகருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றாள். பிறகு ஒரு கல்லை இழுத்துப் போட்டு ஏறி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

வாழைகள் நின்ற இடத்தில் வெறும் அடிக்கட்டைகள். முற்றாத குலை ஒன்று கிணற்றடியில் கிடந்தது. கலாஜினி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாமே."

கலாஜினி விளக்குமாற்றை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"புத்தி சொல்லப்படாது எண்டுதானே சொன்ன நீ. தண்டு போடப்படாது எண்டு சொல்லல்லியே."