பதுளைக்கு வருகிற கட்டு

பாக்கியலெட்சுமி வழக்கம்போல உரப்பையோடு வந்து பதுளை பஸ் ஸ்டாண்டில் இருக்கும் கிஷாந்தனின் சலூன் வாசலில் நின்றாள்.

நான் வடைச்சட்டியின் தீயைக் குறைத்தேன். பக்கத்துக் கடையில் நடப்பதைப் பார்ப்பதற்காக அல்ல. எண்ணெய் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது.

வாசல் பெஞ்சில் 'நம்ம பக்கம்' கட்டு கிடந்தது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் என்று எல்லோரும் சேர்ந்து நடத்துகிற மாதப் பத்திரிகை. காசு கிடையாது. வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்.

எடுத்துப் போகிறவள் பாக்கியம் மட்டும்தான். மாதாமாதம், முழுக் கட்டையும்.

அதில் எழுதுகிறவர்களில் ஒருவன் அவள் மகன் ஜெயரூபன். இப்படியொரு பிள்ளை எனக்கு வேண்டாம் என்று அவளே வீட்டைவிட்டு அனுப்பியவன். கொழும்பில் கம்பெனி வேலை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அவன் பெயர் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அத்தனை பிரதியும் அவள் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. அதே லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் குடியிருக்கிற எனக்குத் தெரியாதா? புகை என் வீட்டுக்குள்தானே வருகிறது.

இந்த முறை அவள் பையை விரிக்கவில்லை.

மேலே கிடந்த பிரதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய், அவள் தோளுக்கு மேலால் நானும் எட்டிப் பார்த்தேன்.

ஆண்டுமலர். முதல் பக்கத்தில் பத்திரிகையின் வரலாறு. முதல் இதழை மடித்தது பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் கருப்பம்மாவின் அடுப்படியில்தானாம். வீட்டில் இடமில்லாமல் போன பிள்ளைகளுக்குச் சோறும் பாயும் அங்கேதானாம். பக்கத்திலேயே படம். கருப்பம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஜெயரூபன். கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் எல்லோருக்கும் அம்மா.'

கடைசிப் பத்தி இன்னும் விசேஷம். 'மூடிவிடலாம் என்று நினைத்த காலங்கள் உண்டு. பதுளைக்கு அனுப்பும் பிரதிகளில் ஒன்றுகூட மிஞ்சாததைப் பார்த்துத்தான் தொடர்ந்தோம். பதுளை வாசகர்களுக்கு எங்கள் நன்றி.'

எனக்கு வந்த சிரிப்பை இருமி மறைத்தேன்.

பாக்கியம் அந்தப் பத்திவரை வரவேயில்லை. அவள் கண் அந்தத் தோளிலேயே நின்றுவிட்டது.

"பெத்தவ நானு இருக்கேன். அம்மான்னு பேரு இவளுக்கா?"

சொன்ன கையோடு படியேறினாள். ஆண்கள் முடிவெட்டுகிற கடை. எங்கள் லயத்துப் பெண்கள் வாசலோடு சரி. அவளோ நேரே உள்ளே போய், முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த மாவட்டக் கச்சேரி ஆபீஸ் கிளார்க் குமாரசிங்கத்தின் முன்னால் பத்திரிகையை விரித்தாள்.

"ஐயா, இது எம் மகன் ஜெயரூபன். இந்தப் பொம்பள யாரோ எவளோ."

குமாரசிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். நிதானமானவர். போதாததற்குக் கழுத்தில் கிஷாந்தனின் கத்தி வேறு.

"ஓம் ஓம், அப்பிடியே உங்கட மூக்கு," என்றார் அசையாமல்.

பாக்கியத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாற்காலிக்காரனிடம் காட்டினாள். காத்திருந்தவர்களிடம் காட்டினாள். இத்தனை காலமும் எரித்து எரித்து மறைத்த பிள்ளையை, கேட்டவன் கேட்காதவன் எல்லோருக்கும் சொந்தம் சொல்லிக் காட்டிவிட்டாள். எல்லாம் வயிற்றெரிச்சல் செய்த வேலை.

பிறகு கருப்பம்மா இருந்த பாதி பின்னால் போகும்படி அந்த ஒரு பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வெறும் உரப்பையை என் கடைக்குள் எறிந்தாள். தோட்டத்து பஸ் அங்கேயே நிற்க, பண்டாரவளை பஸ்ஸில் ஏறினாள். மகனைக் கூட்டிவரப் போகிறாளா, கருப்பம்மாவின் கொண்டையைப் பிடிக்கப் போகிறாளா என்று ஏறிய வேகத்தில் சொல்ல முடியவில்லை.

கட்டு பெஞ்சிலேயே கிடந்தது.

இனி ஒரு ஈ காக்கைகூட அதைத் தொடாது, பதுளை வாசகர்களின் லட்சணம் தெரிந்துவிடும் என்று நான் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வங்கியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. மழையே இல்லாமல் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்து எடுத்தாள். அடுத்தது மொனராகலை பஸ் கண்டக்டர். வடைக்கு வந்தவர், வடையை மறந்துவிட்டுப் பத்திரிகையோடு போனார். பிறகு கம்பஸில் படிக்கிற பிள்ளைகள். பிறகு யார் யாரோ.

"இவங்கெல்லாம் மாசாமாசம் வந்து கேக்குறவங்கதான் அக்கா. முடிஞ்சிருச்சுன்னு நாந்தான் திருப்பி அனுப்புவேன்," என்றான் கிஷாந்தன்.

பொழுது சாயும்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அதை எடுத்தவள் என் மகள் லதுஷா. துணிக்கடை வேலை முடிந்ததும் நேரே என்னிடம் வருகிறவள், இன்று சலூன் பெஞ்சுக்குப் போனாள். முதல் பக்கத்தைத் தூக்கிக் கிஷாந்தனுக்குக் காட்டினாள்.

"நா எடுத்த படம் நல்லா வந்திருக்குல்ல அண்ணே? அம்மா கண்ண மூடிருவாங்களோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

அவள் அம்மா என்றது கருப்பம்மாவை.

நான் கரண்டியும் கையுமாக எட்டித் தொடுகிற தூரத்தில்தான் நின்றேன்.

ஒருத்தி வீட்டுப் பிள்ளையை வளைத்துப்போட்டது போதாதா? அந்தப் பொம்பளைக்கு எத்தனை பிள்ளைகள்தான் வேண்டுமாம்?