பேசாத வளையம்

வலிப்பு வருவதற்குச் சற்று முன்பே, "நிறைமதி, உடனே உட்காருங்க" என்று மகளின் கைவளையம் குரல் கொடுத்துவிடும். பெண் பார்க்க வந்தவர்களின் காதில் அது விழுந்துவிடக் கூடாதென்று, அவளுக்குத் தெரியாமல் கதிரேசன் அதன் குரலை அணைத்துவைத்திருந்தார்.

சூடான காபித் தட்டோடு அவள் கூடத்தில் விழுந்தாள். கையில் இரும்பைக் கொடுக்க அவர் சாவியைத் தேடி ஓடினார். முகம் பார்த்துத் திறக்கும் வீட்டில் சாவிக்கு எங்கே போவது? மாப்பிள்ளைப் பையன்தான் அவள் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தான்.

"பதறாதீங்க மாமா, தானா நின்னுடும். நிறைமதி எங்ககிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாங்க."

கண் விழித்தவள் வெந்துபோன தன் கையைப் பார்த்தாள்.

"வளையம் ஏம்ப்பா பேசலை?"

கதிரேசன் இன்னும் சாவியைத் தேடுகிறவர் போலத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.