மண் போதாத குழி

தெற்கு ஜப்பானில், ஷிபுஷி விரிகுடாவை ஒட்டிய சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் ஆகஸ்ட் மாத மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. இந்தக் கடற்கரையைக் காக்க, செர்ரி பூத்த சமயத்தில் அவசரமாகத் திரட்டிய ரிசர்வ் காலாட்படை டிவிஷன், போர் முடிந்துபோனதால் ஒரு குண்டுகூடச் சுடாமல் இன்று காலை கலைந்துவிட்டது. அதிகாரிகளின் லாரி கிளப்பிய புழுதி கொடிகளின் இலைகளில் படிந்திருக்கிறது. எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். குமமோட்டோவில் குளியல் விடுதி நடத்திவந்த, நாற்பது வயதைத் தாண்டிய சிப்பாய் நாகாசே மட்டும் தன் குழியை மூடிக்கொண்டிருக்கிறான். எதிரியின் டாங்கி வரும்போது அதோடு சேர்ந்து வெடித்துச் சாக, வெடிகுண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் உட்கார வேண்டிய குழி அது. மண்வெட்டி ஏறி இறங்குகிறது. கீழே அலைகள் சும்மா வந்து போகின்றன. தோட்டக்காரி தொமே வரப்பில் குந்தி, தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என் கிழங்கையெல்லாம் தோண்டிப் போட்டுட்டு மத்தவங்க ஓடிட்டாங்க. நீ ஏம்ப்பா போகல?"

"மூடாமப் போனா இது கனவுல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும்க்கா."

கடைசி மண்ணும் விழுந்த பிறகு குழி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகவே இருக்கிறது. குவித்து வைத்த மண்ணில் பாதியை மழை கரைத்துக்கொண்டு போயிருக்கிறது.

"மண்ணு பத்தலையேக்கா."

தொமே எட்டிப் பார்க்கிறாள். "நீ உள்ள இருந்திருந்தா சரியா இருந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நாகாசேவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்புகிறது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள். பிறகு அவளுடைய கிழங்குக் கூடையை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மண் அள்ளிவரக் கடற்கரைச் சரிவில் இறங்குகிறான்.