பதினோராவது கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்வர்ணலதா டீச்சர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படித்துவிட்டார். வந்தும்விட்டார்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு அவர்தான். வீட்டுப்பாடம் எழுதுகிறவள்தான் உருப்படுவாள் என்று தினமும் சொல்வார். ஒருநாள் எழுதாவிட்டால் வராந்தாவில் முட்டி போட வேண்டும். ஒரு வரி விடாமல் படிப்பேன், என்னை ஏமாற்ற முடியாது என்பார்.

அதை நம்பித்தான் செவ்வாய்க்கிழமை நோட்டில், பத்துக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டு, பதினொன்று என்று நம்பர் போட்டுக் கீழே எழுதினேன்.

"டீச்சர், அப்பா என்னை அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தறியில் உட்காரச் சொல்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரே ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். தனகோடி."

அப்பாவுக்கு ஏதோ கல்யாண வீட்டு ஆர்டர். மூன்று கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள, நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எப்போதும் அம்மாதான் உட்காருவாள். அம்மாவின் கை மாவுக்கட்டில் தொங்கியது. அப்புறம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான்தான்.

இரண்டே மாதம் என்றார் அப்பா. பக்கத்து வீட்டுத் தீபா அக்காவிடமும் இரண்டே மாதம் என்றுதான் சொன்னார்கள். நான்கு வருடமாக நெய்துகொண்டிருக்கிறாள்.

டீச்சரைப் பார்த்ததும் அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அம்மா ஒற்றைக் கையால் காபி கொண்டுவந்தாள். நான் கதவோரமாக நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா மாட்டிகினியா என்று உள்ளுக்குள் குதித்தேன்.

டீச்சர் காபியைக் குடித்து முடித்தார். எழுந்துபோய்த் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"பொண்ணு ஸ்கூலுக்கு வரலன்னு யாராவது கேப்பாங்களோன்னு பயந்துகினு இருக்காதீங்க தருமன். அட்டெண்டன்ஸ் நான் போட்டுக்கறேன். வீட்டுப்பாடமா? அது எழுதாங்காட்டி இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவர் எதையோ மாற்றிப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். இல்ல டீச்சர் என்று வாயைத் திறந்தேன்.

அவர் பையிலிருந்து என் நோட்டை எடுத்து நீட்டினார். பிரித்தேன். பத்துக் கணக்குக்கும் பத்து சிவப்பு டிக். பதினொன்றுக்கும் ஒரு டிக். கீழே கையெழுத்து, 24.6.97. எழுதிக் கொடுத்த அன்றைக்கே பார்த்திருக்கிறார்!

அப்படியானால் இத்தனை நாள் என்னதான் செய்தார்?

அதே பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். நல்ல அரக்கு நிறம்.

"கரை இந்தக் கலர்ல இருக்கட்டும். ஆவணிக் கடைசியில எம் பொண்ணுக்கு முகூர்த்தம். மூணு சேலையையும் கொஞ்சம் ஜல்தியா முடிச்சிக் குடுத்துடுங்க."

அடிப்பாவி, ஒரு வரி விடாமல்தான் படித்திருக்கிறாள்.